ஸ்டாப்பரின் அப்பா: தில்லிப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, சென்னை சென்ட்ரல்

மகள் படிக்கும் வடசென்னைப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி மாநில அளவில் வென்று, சுப்ரதோ கோப்பையின் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தமிழ்நாட்டின் சார்பில் ஆடத் தில்லிக்குப் புறப்படுகிறது. அணியும் உடற்கல்வி ஆசிரியையும் ஒரு பெட்டியில் இருக்கிறார்கள். சொந்தச் செலவில் உடன் வரும் பெற்றோர் சிலர் இரண்டு பெட்டி தள்ளி இருக்கிறோம். இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நகரத் தொடங்கியபோது, அந்தப் பெட்டியில் எழுந்த கூச்சல் எங்கள் பெட்டி வரை கேட்டது.

இந்தப் பயணத்துக்காகவே ஒரு புதிய கைபேசி வாங்கியிருக்கிறேன். 30 ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலை, வட்டியில்லாத் தவணை. பெட்டியின் மேலேயே 200 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விற்பனையாளரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலரியிலிருந்து கால்பந்து ஆட்டத்தைத் தெளிவாகப் படம் பிடிக்க முடியுமா? "கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் அவர். ஆசிரியையும் ரயிலடியில் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். "சார், நீங்க புது போன் வாங்கியிருக்கீங்களாமே. மேட்ச் முழுக்க மேல் படியில உக்காந்து, கிரவுண்ட் மொத்தமும் தெரியற மாதிரி எடுங்க. பந்து பின்னாடியே போகாதீங்க. ராத்திரி பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டணும்." இதைவிடப் பெரிய பதவி எனக்கு அலுவலகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

சனி, ரயிலில்

விடிந்தபோது விஜயவாடா போயிருந்தது. வாரங்கலில் காப்பி என்ற பெயரில் ஏதோ ஒன்றைக் குடித்தோம். ராமகுண்டத்தைத் தாண்டி ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறியதும், எல்லோரையும் போல நானும் கதவருகே போய்ப் படம் எடுத்தேன். ஆறு நன்றாகத்தான் வந்திருந்தது. நீரின் நிறம், மணல் திட்டு, தூரத்து மரங்கள் எதிலும் குறையில்லை. ஆனால் பாலத்தின் இரும்புத் தூண்கள் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இந்தக் கணமே விழப் போவதாகத் தோன்றின.

இதன் காரணத்தைப் பொறியியல் படிக்கும் பக்கத்து இருக்கை இளைஞர் விளக்கினார். கைபேசியின் உணரி, அதாவது ஒளியைப் பதியும் சென்சார், காட்சியை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பொருள் நகர்ந்துவிட்டால் அது சாய்ந்து தெரியும்; படிக்கும் வேகம் குறையக் குறையச் சாய்வு கூடும். எல்லாக் கைபேசிகளிலும் இது கொஞ்சம் உண்டு என்றார். மெகாபிக்சல் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார்: வழக்கமான முறையில் 16 புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் படம் உருவாகிறது, ஆகவே கையில் கிடைப்பது 12.5 மெகாபிக்சல்தான். இந்தச் சேர்க்கையால் மங்கலான வெளிச்சத்தில் நன்மை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. நான் அவரிடம் அடுத்து எதுவும் கேட்கவில்லை. தவணையில் முதல் மாதமே இன்னும் கட்டி முடியவில்லை.

நாக்பூரில் ரயில் நின்றபோது பிள்ளைகள் இறங்கி, நடைமேடையிலேயே உடலை வளைத்து நிமிர்த்தும் பயிற்சி செய்தார்கள். அணியை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். பார்த்த மகள் முகத்தைச் சுளித்தாள். "எப்பா, இது யாரு? நானா?" வெயிலிலேயே ஆடிக் கறுத்த பிள்ளை அவள், அந்தக் கறுப்பில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. படத்தில் அவள் முகம் வெளுத்து, கன்னம் மெழுகாகி, புருவத்துக்கு மேலிருந்த பழைய தையல் தழும்பு காணாமல் போயிருந்தது. அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். தழும்பு பாதி திரும்பியது, நிறம் திரும்பவில்லை. தழும்பு அவள் எட்டாம் வகுப்பில், குறுவட்டப் போட்டியில், தலையால் முட்டப் போய் எதிரணிப் பெண்ணின் தலையில் மோதி வாங்கியது. அதை அழிக்கச் சொல்லி இந்தக் கைபேசியை யார் கேட்டார்கள்?

ஞாயிறு, தில்லி

காலை ஏழு மணிவாக்கில் புதுதில்லி. அணியை வண்டி அனுப்பி அழைத்துச் சென்றார்கள். பெற்றோராகிய நாங்கள் பகாட்கஞ்சில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அறையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, மின்விசிறி சுற்றியது.

மாலையில் அனைவரும் அம்பேத்கர் மைதானத்தைப் பார்த்து வந்தோம். தில்லி கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம். அதற்கு மறுபக்கம் பிரோஸ் ஷா கோட்லாவின் இடிந்த மதில். ஆசிரியை பிள்ளைகளை உட்கார வைத்து, கோப்பைக்குப் பெயர் தந்தவரைப் பற்றிச் சொன்னார். 1954இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானவர் ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி. பள்ளிகளுக்கென்று அகில இந்தியக் கால்பந்துப் போட்டி வேண்டும் என்று முனைந்தவர். போட்டி 1960இல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் டோக்கியோவில் இறந்துபோனார். இன்றைக்கும் விமானப்படைதான் முன்னின்று நடத்துகிறது. பிள்ளைகள் இவ்வளவையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, கோல் கம்பத்தின் உயரத்தை அளக்க ஓடிவிட்டார்கள்.

திங்கள், முதல் ஆட்டம்

உத்தராகண்டிலிருந்து வந்த பள்ளியுடன் ஆட்டம். செப்டம்பர் மாதத்துத் தில்லி வெயிலை ஏளனமாக நினைத்திருந்த சென்னைக்காரர்கள் அனைவரும் பத்து மணிக்கே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டோம். மேல் படியில் இடம் பிடித்து, வாங்கி வந்திருந்த முக்காலியை நிறுத்தி, ஆசிரியை சொன்னபடி மைதானம் முழுவதும் தெரியும்படி அமைத்துப் பதிவைத் தொடங்கினேன்.

முதல் கோலை நம் பிள்ளைகள் அடிக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு திரை தானாகவே மங்கத் தொடங்கியது. வெயிலின் கூச்சம் என்று கையால் மறைத்துக் குனிந்து பார்த்தேன். ஒரு சிவப்பு முக்கோணமும், கைபேசி சூடாகிவிட்டதால் கேமரா மூடப்படுகிறது என்ற அறிவிப்பும் தெரிந்தன. எடுத்துக் கையில் பிடித்தால் தோசைக்கல். கைக்குட்டையை நனைத்துச் சுற்றி, நிழலில் வைத்து, அது மனமிரங்கக் காத்திருந்த நேரத்தில் இரண்டாம் கோல் விழுந்தது. மீண்டும் திறந்ததும் ஓரிரு நிமிடம் ஓடிவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டது. மூன்றாம் கோலும் போயிற்று. மூன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் வென்ற ஆட்டத்தில் என்னிடம் பதிவாகியிருப்பது முதல் கோலும், நிறைய எறி பந்துகளும்தான்.

எனக்கு இரண்டு படி கீழே கோல்கீப்பர் பெண்ணின் அம்மா, திரையின் மூலை உடைந்து செல்லோ டேப் ஒட்டிய பழைய கைபேசியில் ஆட்டம் முழுவதையும் எடுத்து முடித்திருந்தார். அது அவருடைய தம்பி பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததாம். "அண்ணா, இதுல இருக்கறத அனுப்பட்டுமா?" என்று அவர் கேட்டபோது, நன்றியும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. அன்றிரவு ஆசிரியை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது அந்த அம்மாவின் பதிவைத்தான்.

செவ்வாய், நேரு பிளேஸ்

ஆட்டம் இல்லாத நாள். தில்லி கேட்டிலிருந்து ஊதா வழித்தடத்தில் ஏறினால், மாறாமலேயே நேரு பிளேஸில் இறங்கலாம். கணினிக் கடைகளும் பழுது பார்ப்போரும் நிரம்பிய அந்த வணிக வளாகத்தில், என் கைபேசி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையமும் இருந்தது. வரிசைச் சீட்டு எடுத்து, காத்திருந்து, எனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததைச் சொன்னேன்.

அங்கிருந்த இளைஞர் பொறுமையானவர். கைபேசியை வாங்கி, மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் படமெடுத்து என்னிடம் நீட்டினார். பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த எழுத்து, அதன் கீழ் வழிந்த ஒரு துளி, துளிக்குள் குழல்விளக்கின் பிரதிபலிப்பு என்று எல்லாம் அட்சர சுத்தமாக இருந்தன. "கேமரா டீக் ஹை", கேமரா சரியாக இருக்கிறது என்றார். பாட்டில் ஓடாது என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, பாட்டிலை எடுத்து இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டி, இப்போது எடுங்கள் என்றேன். எடுத்தார். பாட்டில் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் வந்தது. அவர் சிரித்துவிட்டார். குளிரூட்டப்பட்ட அறையின் விளக்கு வெளிச்சம் போதாது, வெயிலில் நன்றாக வரும் என்றார். வெயிலில் கேமராவே மூடிக்கொள்கிறது என்றேன். வெயிலில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது என்றார்.

நியாயமாகச் சொல்வதென்றால், அவர் எனக்கு ஒன்றைப் புரியவைத்தார். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இந்தக் கைபேசி ஒரு படம் எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, இருட்டாக ஒன்று வெளிச்சமாக ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்து, ஒன்றாக்கித் தருகிறது. நிற்கிற முகத்துக்கும் கட்டடத்துக்கும் தட்டில் வைத்த பிரியாணிக்கும் அது பிரமாதமாக வேலை செய்யும். ஓடுகிற பிள்ளைக்கு, ஒரு படத்தில் இருந்த கால் அடுத்த படத்தில் வேறிடத்தில் இருப்பதால், சேர்க்கும்போது மூன்று கால் முளைக்கிறது. கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்றேன். அது எடுப்பவரின் நடுக்கத்துக்கு, ஓடுகிறவரின் ஓட்டத்துக்கு அல்ல என்றார். ஷட்டர் வேகத்தைக் கையால் கூட்டி வைக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தார். மென்பொருளைப் புதுப்பித்து, 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினார். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இந்த விவரங்களில் ஒன்றையாவது வாங்கும்போது யாராவது சொன்னார்களா? பெட்டியின் மேல் ஓடும் குதிரையின் படத்தை வேறு போட்டிருக்கிறார்கள்.

புதன், மணிப்பூர் அணியுடன்

பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் எல்லா அணிக்கும் வயிற்றில் கொஞ்சம் புளி கரையும். தேசியச் சாம்பியன் பட்டத்தை அந்த மாநிலத்துப் பெண்கள் வென்ற அளவுக்கு வேறெவரும் வென்றதில்லை. ஆனால் 2018இல் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் அதே மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகப் பட்டம் வென்றார்கள். 2023இல் அமிர்தசரசில் ஹரியாணாவை வென்று மறுபடியும் வாங்கினார்கள். இந்திய அணிக்கு ஆடியவரும், நம் காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருப்பவருமான கடலூர் இந்துமதி கதிரேசனின் படம் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியை பிள்ளைகளிடம் பேசியபோது இதைத்தான் நினைவுபடுத்தினார்.

இன்று கைபேசியை முக்காலியில் வைக்கவில்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டி, கையில் வைத்துப் படம் மட்டும் எடுப்பதென்று முடிவு செய்து, கம்பி வேலிக்கு அருகில் இறங்கினேன். பதிவு வேலையைச் செல்லோ டேப் கைபேசி ஏற்றுக்கொண்டது. வேலிக்குப் பின்னால் நின்றதில் புதிய சிக்கல் ஒன்று வந்தது. கேமராவின் குவியம் (ஃபோகஸ்) ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. விரலால் திரையில் தொட்டு மகளின் மேல் நிறுத்தினால் ஒரு நொடி நிற்கும். அவள் நகர்ந்ததும் மறுபடி கம்பிக்கே வரும். துருப்பிடித்த முடிச்சுகளின் மிகத் துல்லியமான படங்கள் என்னிடம் ஏராளமாக உள்ளன.

அதனால்தான் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

மகள் ஸ்டாப்பர். நாலு பேர் கொண்ட பின்வரிசையின் நடுவில் நிற்பவள். கோல் அடிப்பவள் அல்ல, ஆகவே செய்தித்தாளில் பெயர் வராது; நன்றாக ஆடினால் அவள் இருப்பதே தெரியாது. இன்றைய ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுவதும் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிப்பூர்ப் பிள்ளைகள் குட்டையான பாஸ்களில், பந்தைத் தரையை விட்டு எழுப்பாமல், முக்கோணம் முக்கோணமாக நகர்ந்து வருகிறார்கள். பந்து அவர்களுடைய வலது ஓரத்தில் இருக்கும்போது இவள் அதைப் பார்ப்பதே இல்லை. தலை இடப்பக்கம் திரும்புகிறது, பின்னால் திரும்புகிறது, மறுபடி இடப்பக்கம். எதிரணி முன்வரிசைப் பெண் எங்கே நிற்கிறாள், தன் வரிசையில் யார் ஓரடி பின்தங்கி நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறாள். "ஏறு... ஏறு... நில்லு!" என்று அவள் கத்துவது காலரி வரை கேட்கிறது. தமிழில் கத்துவதில் ஒரு லாபம், எதிரணிக்குப் புரியாது.

ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது அது நடந்தது. நடுக்களத்தில் பந்தை வைத்திருந்த மணிப்பூர்ப் பெண், எங்கள் பின்வரிசையைக் கிழித்துக்கொண்டு போகும்படி ஒரு நெடிய பாஸ் கொடுக்கத் தலையை உயர்த்தினாள். அவர்களுடைய முன்வரிசைப் பெண் ஓடத் தொடங்கிவிட்டாள். என் வயிறு கலங்கிற்று. யாராக இருந்தாலும் அவளைத் துரத்திப் பின்னால் ஓடத்தான் தோன்றும். மகள் ஓடவில்லை. பந்து காலை விட்டுப் புறப்படும் அந்தக் கணத்துக்கு முன், "ஏறு" என்று ஒரே ஒரு சத்தம்; நாலு பேரும் இரண்டடி முன்னால் வந்தார்கள். அவ்வளவுதான். துணை நடுவரின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு. பந்து தரப்படும் கணத்தில், கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் பந்தையும் தாண்டி நிற்பவருக்கு அது தரப்பட்டால் குற்றம் என்கிற அந்த விதியை நான் இளமையில் தெரு ஆட்டங்களில் கேள்விப்பட்டதோடு சரி. அதை ஒரு பதினாறு வயதுப் பெண் கையாள்வதை இன்றுதான் பார்த்தேன்.

ஆட்டம் கோலின்றி முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் வந்து அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் அப்போது செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்த, முன்பின் தெரியாத சர்தார்ஜியிடம், "மேரி பேட்டி, மேரி பேட்டி" (என் மகள், என் மகள்) என்று இந்தியில் சொல்லிக் கை குலுக்கினேன்.

வியாழன், கோட்லா

ஓய்வு நாள் என்பதால் பிள்ளைகளைக் கோட்லாக் கோட்டைக்கு அழைத்துப் போனோம். பிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரத்தின் மிச்சம். ஹரியாணாவின் தோப்ராவிலிருந்து கொண்டுவரச் செய்து அவர் நட்ட அசோகர் தூண் இன்னமும் உச்சியில் நிற்கிறது. தூண் நகராது என்பதால் என் கைபேசி அதை மிக அழகாகப் படம் பிடித்தது. பிராமி எழுத்துகள்கூட விழுந்திருக்கின்றன.

வியாழக்கிழமைகளில் இங்கே வேறொரு கூட்டம் வருகிறது. கோட்டையில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பும் மக்கள், தங்கள் குறைகளைக் கடிதமாக எழுதி, இருண்ட அறைகளின் மாடங்களில் வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். சிலர் ஒரே மனுவை நகலெடுத்து ஒவ்வொரு மாடத்திலும் ஒன்று வைப்பதைப் பார்த்தேன். அரசு ஊழியனான எனக்கு அந்த நடைமுறை உடனே புரிந்தது. நேரு பிளேஸ் தாளின் நகலையும் ஒரு மாடத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கோல்கீப்பரின் அம்மாவிடம் கேட்டேன். "அண்ணா, அதுங்களுக்கு எத்தன வேலையோ, நீங்க வேற" என்றார்.

வெள்ளி, ஜார்க்கண்ட் அணியுடன்

2022இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் நம் நாட்டு அணிக்குத் தலைமை ஏற்ற அஸ்தம் ஓராவ்ன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக் கிராமத்துப் பெண். அந்த மாநிலத்துப் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பார்த்தால் ஏன் என்று புரிகிறது; எங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது அவர்கள் அப்போதுதான் தொடங்குகிறார்கள்.

காலையிலிருந்து மழை. வெயில் இல்லாததால் கைபேசி சூடாகவில்லை. ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். அதில் மகளின் பங்கும் உண்டு: சேற்றில் கால் வழுக்கியது. இரண்டாம் பாதியின் நடுவில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமானவள் என்பதால் கார்னருக்கு மட்டும் அவள் முன்னால் போவாள். பந்து வளைந்து வர, கூட்டத்துக்கு மேலாக எழுந்து நெற்றியால் முட்டினாள். கீப்பர் தட்டினாள், தட்டியதை எங்கள் ஏழாம் எண் பெண் உள்ளே தள்ளினாள். 1-1.

அந்தக் கணத்தில் நான் சரியாகப் பொத்தானை அழுத்தினேன். கைபேசி படத்தைப் பதிய எடுத்துக்கொண்ட தாமதத்தில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஆறேழு பிள்ளைகளின் முதுகுகளும், தரையில் கிடக்கும் ஒரு கீப்பரும், வலைக்குள் ஒரு வெள்ளைத் தீற்றலுமே படத்தில் இருந்தன.

அதற்கு மேல் கோல் விழவில்லை. மணிப்பூர் அணி கோல் வித்தியாசத்தில் எங்களை முந்திவிட்டது. குழுவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று. ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வெளியேறினோம். பிள்ளைகள் அழுதார்கள். மகள் அழவில்லை, பூட்ஸின் அடியில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டே, "அந்த ஒரு கோல் என்னாலதான்பா" என்றாள். ஆசிரியை உடனே திரும்பி, "மணிப்பூர் மேட்ச் டிராவும் உன்னாலதான், அதையும் சேத்துச் சொல்லு" என்றார். மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப் போயிற்று.

ஞாயிறு, திரும்பும் ரயிலில்

சனி இரவு ஏறினோம். இன்று பிற்பகல் மகள் எங்கள் பெட்டிக்கு வந்து, கோல்கீப்பரின் அம்மாவிடமிருந்து அந்தப் பழைய கைபேசியை வாங்கி, புதன்கிழமை ஆட்டத்தை ஓடவிட்டாள். ஆஃப்சைடு கணம் அதில் முழுமையாக இருக்கிறது. உருவங்கள் சிறியவை, நிறம் மங்கல். ஆனால் நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வருவது ஐயமின்றித் தெரிகிறது. அதை என் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன். இடமில்லை என்றது, வாங்கிய நாளிலேயே அதில் ஏற்றி வைத்திருந்த, நீக்க முடியாத செயலிகள் ஒரு பக்கம், கம்பி வேலிப் படங்கள் மறுபக்கம். வேலிகளை அழித்து இடம் செய்தேன்.

நாளை மறுநாள் கடைக்குப் போகிறேன். ரசீதும் பெட்டியும் வீட்டில் இருக்கின்றன, சேவை மையத்தின் தாள் பையில் இருக்கிறது. கடைக்காரர் கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவதென்று முடிவு செய்திருக்கிறேன். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளின் மாவட்டச் சுற்று நெருங்குகிறது. அதற்கும் மேல் படியில் உட்கார்ந்து எடுக்கும் பொறுப்பை ஆசிரியை இப்போதே பங்கிட்டுவிட்டார்: கைபேசி அந்த அம்மாவுடையது, முக்காலி என்னுடையது.